கன்னக்கோலும் திறவுகோலும்

இரவு உணவு முடிந்து, விளக்கைத் தணித்து, வீட்டார் படுக்கைக்குச் செல்லும் வேளையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து சென்று கதவைத் தாழிட்டு வருகின்றார். படுத்தபின், தாழிட்டோமோ இல்லையோ என்ற ஐயம் பிறக்க, மீண்டும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்து வருவதும் உண்டு. நேயர்களுட் பலர் இந்தப் பேச்சைக் கேட்டு முடித்ததும் இதனையே செய்வர். அந்தத் தாழும் பூட்டும் எதனைக் காக்கின்றன? பெட்டியில் இருக்கும் நகையையா, படுத்திருப்பவரின் உறக்கத்தையா? இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிக் கொள்கின்றோம். ஆனால், அவை இரண்டும் வெவ்வேறு என்பது ஒருமுறை இலண்டன் மாநகரில் எல்லோரும் காண வெளிப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லுவதே இன்று என் நோக்கம். அதற்கு முன், நமக்கு நெருங்கிய மதுரை மாநகருக்கு ஒருமுறை சென்று வருவோம்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் நெடுஞ்செழியனுடைய தலைநகரின் ஓர் இரவை யாமம் யாமமாக நமக்குக் காட்டுகின்றது. ஊர் அடங்கிய பின்னர்க் கள்வர் புறப்படுகின்றனர். அவர் உடை இருளோடு கலந்து மறையும் நிறத்தது. இடையிலே நூலேணி, கையிலே நிலத்தை அகழும் உளி, வாளும் உண்டு. அவர்களைத் தேடி ஊர்காவலர் வில்லேந்தித் திரிகின்றனர். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் அவர் கண் துஞ்சுவதில்லை. வீரம் மட்டுமன்றி நூலறிவும் உடையவர் அவர் என்று புலவர் கூறுவது நாம் கருதத்தக்கது.

இப்பகுதியைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகின்றது. அக்கள்வரிடம் ஏணி உண்டு, உளி உண்டு. கள்ளத் திறவுகோல் ஒன்றைப் பற்றிப் புலவர் பேசவில்லை. காரணம் எளிது. மண்ணாலும் பச்சைச் செங்கல்லாலும் எழுப்பிய சுவரை உடைய வீட்டில், கள்வன் கதவோடு போராட வேண்டியதில்லை. சுவரிலே கன்னம் வைத்து நுழைந்து விடுவான். கன்னக்கோல் என்னும் சொல்லே நம் மொழியிற் களவின் கருவிக்குப் பெயராக நின்று விட்டது. மரக்கதவும் தாழும் எவ்வளவு வலியவாயினும், பக்கத்துச் சுவர் வலிதாக இல்லையேல் அவற்றாற் பயன் என்ன?

வடமொழியிற் சூத்திரகன் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தை, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மண்ணியல் சிறுதேர் என்று தமிழிலே தந்திருக்கின்றார். அதில் உச்சயினி நகரத்துச் சாருதத்தன் வீட்டிற் கன்னம் வைக்க வருகின்றான் சருவிலகன் என்னும் ஒருவன். அவன் தன் தொழிலை ஒரு கலையாகவே கொண்டவன். சுவரிலே நீர் பட்டு நெகிழ்ந்த இடம் எது என்று தடவிப் பார்க்கின்றான். சுட்ட செங்கல்லானால் உருவி எடுக்க வேண்டும், சுடாததானால் வெட்ட வேண்டும், மண்ணானால் நனைக்க வேண்டும் என்று தொழில் நூலை நினைவு கூர்கின்றான். துளையைத் தாமரை வடிவில் வைப்பதா, பிறை வடிவில் வைப்பதா, குட வடிவில் வைப்பதா என்று ஆராய்கின்றான். அளவுநூலைக் கொண்டுவர மறந்துவிட்டான். ஆதலின் தன் மார்பிற் கிடந்த பூணூலையே அளவுநூலாகக் கொள்கின்றான்! உள்ளே சென்றபின் அவனுக்கு ஓர் அச்சம் பிறக்கின்றது. பழைய வீடு, கதவைத் திறந்தால் அது முனகும். ஆகவே அதன்மேல் நீரைத் தெளிக்கின்றான். சுவருக்கு அஞ்சாதவன், தாழுக்கு அஞ்சாதவன், கதவின் முனகலுக்கு அஞ்சுகின்றான். ஏனெனில் அம்முனகல் உள்ளே உறங்குபவரை எழுப்பிவிடும். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் நமக்கு இது வேண்டியிருக்கும்.

சுவரை நம்ப முடியாத காலத்தில் மக்கள் விழித்திருப்பவரை நம்பினர். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலையும் வைத்தனர். தென் தமிழ்நாட்டில் ஊர்க்காவல் முறை ஒன்று நெடுங்காலம் நிலவியது. காவற்காரருக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கு கொடுப்பர். களவு போனாற் காவற்காரர் பொருளைத் தேடிக் கொடுக்க வேண்டும். இயலாதாயின் ஈடு செய்ய வேண்டும். இங்கிலாந்திலும் ஏறத்தாழ இதே ஏற்பாடு இருந்தமை வியப்பைத் தருகின்றது. முதலாம் எட்வேட் மன்னன் 1285இல் வின்செஸ்ரரிலே பிறப்பித்த சட்டம், ஞாயிறு மறைந்தது முதல் உதிக்கும்வரை மதில் சூழ்ந்த நகரங்களின் வாயில்களை அடைத்துவைக்க வேண்டும் என்றது. பெருவழிகளின் இருபுறமும் 200 அடி அகலத்துக்குப் புதர்களை வெட்ட வேண்டும் என்றது. கொள்ளை நிகழ்ந்து கள்வன் அகப்படாவிடின், அவ்வட்டாரத்து மக்களே இழப்புக்குப் பொறுப்பாவர் என்றும் கூறியது.

இம்முறைகளிற் குறை இல்லாமல் இல்லை. இலண்டன் நகரத்து இராக்காவலர் மணிக்கொரு முறை நேரத்தைக் கூவிக்கொண்டு தெருவில் நடப்பர். தாம் எந்தத் தெருவில் நிற்கின்றோம் என்பதைக் கள்வருக்கு அறிவிக்க இதனினும் சிறந்த வழி வேறில்லை. தமிழ்நாட்டிலோ குறை கொடியது. காவற்காரர் சிலர் தாமே களவுக்கும் துணைபோய், பொருளை மீட்டுத் தருவதாகக் கூறித் துப்புக்கூலி வாங்கினர் என்ற பழி எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரரை அடக்கிய ஆங்கிலக் கும்பினியார் அவர்தம் காவலுரிமைகளை நீக்கினர். தொழிலை இழந்தவர் மீது ஐயம் மட்டும் நீங்காமல் நின்றது. சில சமூகத்தாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பதிவேட்டில் எழுதும் சட்டம் 1871இல் வட இந்தியாவில் இயற்றப்பட்டு, 1911இற் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊருக்குக் காவலாக இருந்த குடிகளின் வழித்தோன்றல்களும் அதற்குள் அகப்பட்டனர். இரவிலே தம் வீட்டில் உறங்காது காவல் நிலையத்துக்கு வந்து படுக்க வேண்டும் என்று அவர்கள் பணிக்கப்பட்டனர். 1947இலேயே சென்னையில் அச்சட்டம் ஒழிந்தது. ஒருவர் வீட்டில் அச்சமின்றி உறங்குவதற்காக வேறொருவர் தம் வீட்டில் உறங்கும் உரிமையை இழந்த கதை இது.

இனிப் பூட்டுக்கு வருவோம். பூட்டு மிகப் பழைய பொருள். எகிப்து முதலிய நாடுகளில் வழங்கிய மரப்பூட்டில், தாழின் துளைகளுக்குள் மேலிருந்து சிறு முளைகள் விழுந்து அதனை அசையாமற் பிடித்துக்கொள்ளும். பல் வைத்த மரக்கோலை உள்ளே செலுத்தி உயர்த்தினால் முளைகள் எழும், தாழ் நகரும். அத்திறவுகோல் பெரியது. ஏசாயா ஆகமத்தில் தாவீதின் வீட்டுத் திறவுகோலைத் தோளின்மேல் வைப்பதாக வரும் செய்தி, இத்தகைய கோலை அறிந்தவர்க்கு வியப்பாகத் தோன்றாது. உரோமர் உலோகத்தாற் சிறிய திறவுகோல் செய்து, அதனை மோதிரம்போல விரலில் அணிந்தனர். செல்வம் உடையவன் என்பதை ஊருக்குக் காட்ட அதுவும் ஒரு வழியாயிற்று.

ஐரோப்பாவின் இடைக்காலத்துக் கொல்லர் பூட்டை அழகுபடுத்தினரேயன்றி வலுப்படுத்தினர் அல்லர். பூட்டினுள்ளே தடைத்தகடுகளை வைத்து, அவற்றுக்கு ஏற்றவாறு வெட்டப்பட்ட கோல் மட்டுமே திரும்புமாறு செய்தனர். ஆனால் எல்லாத் தடைகளையும் தாண்டிச் செல்லும் மெலிந்த கோல் ஒன்றைச் செய்து கொண்டவனுக்கு நூறு பூட்டுகளும் ஒன்றே. இங்கிலாந்திலே சுட்ட செங்கற் சுவரும் கருவாலிக் கதவும் பெருகிய பின், கன்னம் வைப்பது அரிதாயிற்று. கதவே கள்வனின் குறியாயிற்று. அப்பொழுதுதான் பூட்டின் குறை மக்களைச் சுட்டது.

யோசப் பிராமா என்னும் பொறியறிஞர் 1784இல் ஒரு புதிய பூட்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். உருளை வடிவான சிறு திறவுகோல். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். அவை உள்ளிருக்கும் நழுவுதகடுகளை வெவ்வேறு அளவுக்கு அழுத்தினாலன்றிப் பூட்டுத் திறவாது. 1790இல் அவர் தம் பூட்டு ஒன்றை இலண்டன் பிக்கடிலித் தெருவிலுள்ள தம் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் வைத்தார். இதனைக் கருவியாற் திறக்க வல்லவனுக்கு 200 கினிப் பொன் உடனே கொடுக்கப்படும் என்ற அறிவிப்பையும் அதன்மேல் எழுதுவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பூட்டு அங்கே இருந்தது. பிராமா 1814இல் இறந்தார், பூட்டு திறக்கப்படவில்லை.

அடுத்து வந்தவர் யெரமையா சப். 1817இற் போட்ஸ்மத் கடற்படைத் துறையிலே கள்ளத் திறவுகோலாற் களவு நிகழ்ந்தது. உரிய திறவுகோலாலன்றி வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டைச் செய்வோர்க்குப் பரிசு உண்டு என அரசு அறிவித்தது. சப் 1818இல் ஒரு பூட்டைச் செய்தார். அதில் ஒரு புதுமை இருந்தது. கள்ளக் கோலால் எவனாவது திறக்க முயன்றால், உள்ளிருக்கும் நெம்புத்தகடு ஒன்று அளவுக்கு மிஞ்சி எழுந்து சிக்கிக்கொள்ளும். பின்னர் வீட்டுக்காரர் தம் திறவுகோலைச் செலுத்தும்போது அது திரும்பாது; எவனோ தொட்டிருக்கின்றான் என்று அவர் அறிவார். போட்ஸ்மத் துறையில் நின்ற சிறைக் கப்பலிலே, பூட்டுத் தொழில் அறிந்த கைதி ஒருவன் தன்னால் இதனைத் திறக்க முடியும் என்றான். திறந்தால் விடுதலையும் 100 பவுணும் தருவதாகச் சொல்லிப் பூட்டையும் கருவிகளையும் கொடுத்தனர். இரண்டு மூன்று மாதம் முயன்றபின் அவன் கைவிட்டான். விடுதலைக்கு ஆசைப்பட்டவனாலேயே முடியவில்லையென்றால், இதனினும் பெரிய சான்று வேண்டுமா? வசதி படைத்த ஆங்கிலேயர் பிராமாவையும் சப்பையும் நம்பி நிம்மதியாக உறங்கினர்.

1851ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள், இலண்டன் ஹைட் பூங்காவிற் கண்ணாடி மாளிகை அமைத்து உலகப் பொருட்காட்சி ஒன்றை விக்டோரியா மகாராணியார் திறந்துவைத்தார். அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதனைப் பார்த்தனர். அங்கே கோகினூர் வைரமும் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு இரும்புக் கூட்டைச் செய்தவர் சப் நிறுவனத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இலாகூரில், சிறுவனாயிருந்த துலீப் சிங் மன்னனிடமிருந்து பெறப்பட்ட வைரம் அது. கூட்டுக்குள் இருந்த பொருள் எவ்வழியாக வந்தது என்று கேட்பவர் அன்று அங்கே மிகுதியாக இருந்திரார்.

அப்பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து அல்பிரட் சாள்ஸ் ஹொப்ஸ் என்பவர் வந்திருந்தார். பொஸ்ரன் நகரிலே 1812இற் பிறந்தவர். நியூயோர்க்கிலுள்ள பூட்டு நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர். அவர் விற்கும் முறையே தனி. வங்கி முகாமையாளரிடம் செல்வார். அங்கிருக்கும் பூட்டை அவர் கண்முன் திறந்து காட்டுவார். பின்னர்த் தம் பூட்டை விற்பார். அத்தகையவர் இலண்டனில் வந்து இறங்கி, உங்கள் நாட்டுப் பூட்டுகளை நான் திறப்பேன் என்றார். சிரித்தவரே பலர். யூலை 22ஆம் நாள் வெஸ்ற்மின்ஸ்ரரில் ஒரு வீட்டிற்குச் சான்றாளர்களை அழைத்து, சப் பூட்டு மாட்டிய கதவின்முன் நின்றார். 25 நிமிடத்திற் பூட்டுத் திறந்தது. ஏழு நிமிடத்தில் அதனை மீண்டும் பூட்டியும் காட்டினார். பூட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. கள்வன் தொட்டதை அறிவிப்பதற்காக வைத்த உறுப்பையே, எந்தத் தகடு எவ்வளவு உயர வேண்டும் என்று அறிவதற்கு அவர் வழிகாட்டியாகக் கொண்டார்!

பின்னர்ப் பிக்கடிலித் தெருவுக்குச் சென்றார். பிராமாவின் வழிவந்தவர் மேல்மாடியில் ஓர் அறையைக் கொடுத்தனர். நாட்களை எண்ணினால் 16 நாள், மணியை எண்ணினால் 51 மணி அவர் வேலை செய்தார். ஆகஸ்ற் 23ஆம் நாள் அந்தப் பூட்டும் திறந்தது. இத்தனை நாளும் இத்தனை கருவிகளும் எந்தக் கள்வனுக்கு வாய்க்கும் என்று நிறுவனத்தார் முறையிட்டனர். முறையீட்டில் உண்மை இருந்தது. ஆயினும் நடுவர் தீர்ப்பு ஹொப்ஸ் பக்கமே நின்றது. 200 கினியும் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

அதன்பின் எழுந்த வாதமே எனக்குப் பூட்டைக் காட்டிலும் சுவை மிக்கதாகத் தோன்றுகின்றது. செய்தித்தாள்கள் பல வாரம் இதனை எழுதின. ஒரு களவும் நிகழவில்லை. ஒரு காசும் எவருக்கும் குறையவில்லை. ஆயினும் இலண்டனின் உறக்கம் கெட்டது. முந்திய இரவு இருந்த அதே பூட்டு, அதே கதவு, அதே பொருள்; நம்பிக்கை ஒன்றுமட்டும் இல்லை. ஹொப்ஸ் செய்தது ஊருக்குத் தீங்கு, கள்வருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்றனர் பலர். அவர் அதனை ஏற்கவில்லை. 1853இல் வெளியான பூட்டுகளைப் பற்றிய நூலில், கள்வர் தம் தொழிலை நன்கு அறிந்தவர், நாம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அவர் பேதையர் அல்லர், பூட்டின் குறையை அறியாமல் இருப்பவர் அதனை வாங்கும் நேர்மையாளரே என்னும் கருத்து அழுத்தமாகக் கூறப்பட்டது. நான் ஹொப்ஸின் பக்கமே நிற்பேன். பொய்யான நிம்மதியை விற்பவனுக்கு, அது பொய் என்று சொல்பவன் பகைவனாகத்தான் தோன்றுவான். எனினும், ஹொப்ஸும் ஒரு பூட்டு வியாபாரி என்பதை மறத்தல் ஆகாது. அவர் விரைவில் இலண்டனிலேயே தம் பூட்டுத் தொழிற்சாலையை நிறுவினார்.

இரு பக்கத்தாரும் பேசாது விட்ட ஒன்று உண்டு. அதனை 1855 மே 15ஆம் நாள் நிகழ்ந்த களவு விளக்குகின்றது. இலண்டனிலிருந்து போக்ஸ்ரன் துறைமுகத்துக்குச் சென்ற புகைவண்டியில், பாரிசுக்குப் போக வேண்டிய பொன் இரும்புப் பெட்டிகளில் இருந்தது. பெட்டிகளுக்கு இட்டவை சப் பூட்டுகள். போய்ச் சேர்ந்தபின் பார்த்தால், பொன்னுக்குப் பதிலாக அதே நிறையுள்ள ஈயக்குண்டுகள் இருந்தன. ஏறத்தாழ 12,000 பவுண் பெறுமதியான பொன் போயிற்று. கள்வர் ஹொப்ஸைப்போலக் கருவி கொண்டு திறந்தனரா? இல்லை. இரயில்வே எழுத்தர் ஒருவரும் வண்டிக் காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்திருந்தனர். உரிய திறவுகோல்களை மெழுகில் அழுத்தி அச்செடுத்து, அவற்றின் படியைச் செய்து, முறைப்படி திறந்து எடுத்தனர். கூட்டாளிகள் ஒருவரையொருவர் ஏமாற்றியதனாலேயே அவர்கள் பின்னர் அகப்பட்டனர். பூட்டு தன் கடமையைச் சரியாகவே செய்தது. உரிய திறவுகோலுக்குத்தான் அது வழிவிட்டது. சாதாரண வீடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. பின்பக்கத்துச் சாளரம், தாழிட மறந்த கதவு, வேலையாளோடு கொண்ட பழக்கம், இவற்றின் வழியாகவே பெரும்பாலும் கள்வர் வந்தனர். 51 மணிநேரம் எவரும் கதவின்முன் முழந்தாளிட்டு இருந்ததில்லை.

ஹொப்ஸ் விற்ற அமெரிக்கப் பூட்டும் நெடுநாள் வெல்லப்படாமல் இருக்கவில்லை. லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் அதனைத் திறந்தார். அவரே 1861இலும் 1865இலும் பெற்ற உரிமைப் பத்திரங்களால், உலகெங்கும் இன்று வழங்கும் தட்டையான சிறு திறவுகோலையும் உருளைப்பூட்டையும் நமக்குத் தந்தவர். அதன் உள்ளே இருப்பது வேறொன்றும் அன்று; எகிப்தியரின் முளைகளே மரத்திலிருந்து பித்தளைக்கு மாறிச் சிறுத்து அமர்ந்திருக்கின்றன. அதுவும் வெல்ல முடியாதது அன்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, ஒல்லாந்து நாட்டுப் பூட்டு ஆர்வலர் சிலர் அதன் குறையொன்றை வெளிப்படுத்தியபோது, 1851இல் எழுந்த அதே வாதம் மீண்டும் எழுந்தது.

இதற்கிடையே சிலர் கள்வனைத் தடுப்பதை விட்டு, வீட்டாரை எழுப்புவதற்கு வழி தேடினர். பொஸ்ரனுக்கு அருகே வாழ்ந்த ஒகஸ்ரஸ் போப் என்பவர் 1853இல், கதவோ சாளரமோ திறந்தால் மின்சாரத்தால் மணி ஒலிக்கும் கருவிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். சருவிலகன் நீர் தெளித்து அடக்கிய அந்த முனகலை, மின்சாரம் மணியோசையாக்கித் திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

அவ்வழியில் வந்தவருள் ஒருவரை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி, நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்தவர், தாதியாகப் பணிபுரிந்தவர். அவருக்கும் அவர் கணவருக்கும் வேலை நேரம் ஒத்துவராது; ஆதலின் இரவிலும் பகலிலும் வீட்டிலே தனித்திருக்க நேர்ந்தது. அயலிற் குற்றங்கள் மிகுந்திருந்தன. காவற்றுறையினர் அழைத்தவுடன் வருவதில்லை. கதவு தட்டப்படும்போது, திறந்தாலன்றித் தட்டியவர் யார் என்று அறிய வழியில்லை. மின்னணுத் தொழில் அறிந்த கணவரோடு சேர்ந்து, 1966இல் அவர் ஒரு கருவித் தொகுதிக்கு விண்ணப்பித்தார். கதவிலே வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் படக்கருவி, படுக்கையறையிலிருந்தே வெளியில் நிற்பவரைக் காண ஒரு திரை, பேசுவதற்கு ஒலிவாங்கி, தூரத்திலிருந்தே தாழைத் திறக்க ஒரு விசை, உதவிக்கு அழைக்க இன்னொரு விசை. 1969 டிசெம்பரில் உரிமைப் பத்திரம் கிடைத்தது. பின்னர் வந்த கண்காணிப்புக் கருவிகள் பலவற்றின் உரிமைப் பத்திரங்கள் அவரது பத்திரத்தைச் சுட்டுகின்றன. அவர் கேட்டது வலிய பூட்டை அன்று. வந்திருப்பவர் யார் என்று பார்க்கவும், பார்த்ததை இன்னொருவருக்கு உடனே சொல்லவும் வழி கேட்டார்.

இவ்விரண்டையும் மின்சாரம் இல்லாமலே செய்த வீடுகள் நம்மிடம் இருந்தன. யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டை எண்ணிப் பாருங்கள். தெருவோரத்திலே சங்கடப்படலை. அதன் சிறு கூரையின் கீழ் வழிப்போக்கர் நின்று இளைப்பாறலாம். உள்ளே நுழைவதற்கு முன் ஒருவரை நிறுத்திப் பார்க்கவும் அதுவே இடம். படலையைத் தள்ளினால் ஓசை எழும். அதற்கு நீர் தெளித்து அடக்கும் சருவிலகன் வந்தாலும், முற்றத்து நாயை என் செய்வான்? திண்ணையிற் கிடக்கும் கிழவியின் கண்ணுக்கு ஒளி குறைந்திருக்கலாம், "ஆரது?" என்னும் குரலுக்கு வலி குறைவதில்லை. நகையும் உறுதியும் பெட்டகத்துள்ளே இருக்கும். அப்பெட்டகத்தின்மேற் பாயை விரித்துப் பெரியவர் படுத்திருப்பதும் உண்டு.

வேலியைப் பற்றித்தான் எனக்கு ஐயம். கிடுகாலோ பனையோலையாலோ ஆளுயரத்துக்கு மேல் அடைத்த வேலி, உள்ளே நடப்பதைத் தெருவார் காணாமல் மறைக்கும். கள்வன் உள்ளே புகுந்துவிட்டால் அவனையும் மறைக்கும். அன்றியும், வேலியால் தடுக்கப்பட்ட களவைக் காட்டிலும், கதியால் நாலு விரற்கடை நகர்ந்தது என்று அயலவர் மீது தொடுத்த வழக்கே நம் நீதிமன்றங்களில் மிகுதி என்று சொன்னால் யாழ்ப்பாணத்து நேயர்கள் கோபிக்க மாட்டார்கள். ஆயினும் அந்த வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்கள் நெருப்புக்கும் உப்புக்கும் உறவுப் பேச்சுக்கும் அதன் வழியே வந்து போயினர். இந்த வீட்டிற் குரல் எழுந்தால், அந்த வீட்டார் தெருவைச் சுற்றி வரவேண்டியதில்லை. பின்னர்ச் சீமெந்து மதில்கள் எழுந்தன, அவற்றின்மேற் கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்பட்டன, பொட்டு அடைபட்டது. மதில் வேலியினும் வலியது என்பதில் ஐயமில்லை. நள்ளிரவிலே கூப்பிட்டால் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் எடுத்தால், எது காவல் மிக்கது என்று என்னால் உடனே சொல்ல இயலவில்லை.

எந்த வேலிக்கும் எந்தப் பூட்டுக்கும் அடங்காத நாட்களையும் நம் மக்கள் கண்டனர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். பல இலட்சம் பேர். கடக்க வேண்டியது ஒடுங்கிய பாதை. பீரங்கிக்குப் பூட்டு எம்மாத்திரம் என்பதை அறியாதவர் அல்லர் அவர். எனினும் புறப்படுமுன் கதவைப் பூட்டினர், இழுத்துப் பார்த்தனர், திறவுகோலை மடியிலே முடிந்துகொண்டு நடந்தனர். அவர்களுட் பலர் திரும்பி வந்தபோது வீட்டிலே கதவு இல்லை. சில வீடுகளில் நிலையும் கூரையும் இல்லை. வெகுகாலம் திரும்ப முடியாமற் போனவரும் உளர். அந்தத் திறவுகோல்களைச் சிலர் எறியாமல் இன்றும் வைத்திருக்கின்றனர்.